பழைய ஓட்டுப் பள்ளி: பழுது பார்ப்பதா, இடித்துக் கட்டுவதா?

1956 நவம்பர் 1 வரை நம் குமரி மாவட்டப் பகுதி திருவிதாங்கூரோடும், பிறகு திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தோடும் இருந்தது. பழைய பள்ளிகளின் ஓட்டுச் சாய்ப்பில் அது இன்னும் தெரியும், எனக்கு இடிக்க மனசு வராது.

செலவு: ஓடு மாற்றுவது மலிவு, ஆனால் உத்திரத்தில் கரையான் ஏறியிருந்தால் ஆசாரி கூலியே கையைக் கடிக்கும். கான்கிரீட்டுக்கு முதலிலேயே பெரிய தொகை.

எவ்வளவு காலம் உழைக்கும்: சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வெளியே விடும், அதன்மேல் சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கிச் சுவரை அரிக்கும் (தயவுசெய்து பூசாதீர்கள்). கடலோரக் கான்கிரீட்டில் கம்பி துருப்பிடித்து வெடிக்கும்.

பராமரிப்பு: இங்கே இரண்டு பருவமழை, கூரை ஓடுகளை வருஷாவருஷம் பார்க்க வேண்டும். கான்கிரீட் அவ்வளவு கேட்காது.

சுவர் நேராக நின்றால் பழுது பாருங்கள். மாடி வகுப்பு வேண்டும், சுவரும் விரிந்துவிட்டது என்றால் சரி, புதிதாகவே கட்டுங்கள். பழைய கல்வெட்டு இருந்தால் அதை எடுத்துப் புதுச் சுவரில் பதித்துவிடுங்கள்.