81 நிமிடத்தை ஒரே மூச்சில் கேட்காதீர்கள்: யெஸ் குழுவின் ‘டேல்ஸ் ஃப்ரம் டோப்போகிராஃபிக் ஓஷன்ஸ்’ உடன் 25 வருடம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்த ஆல்பம் எனக்கு முதல் மூன்று வருடம் பிடிக்கவே இல்லை. பிடிக்காததை ஏன் மூன்று வருடம் கேட்டாய் என்றால், ஹாஸ்டலில் என்னிடம் இருந்ததே ஏழெட்டு கேசட்தான். அதில் இதுவும் ஒன்று. 1999-இல் படிப்பு முடிந்து ஊருக்குக் கிளம்பிய சீனியர் அண்ணன் ஒருவர், “பொறுமையா கேளுடா, ஒரே தடவைல முடிவு பண்ணாத” என்று கையில் திணித்துவிட்டுப் போன சி-90 கேசட். அட்டையில் பேனாவால் ‘யெஸ் - டேல்ஸ்’ என்று மட்டும் எழுதியிருந்தது. பாட்டுப் பெயர் கிடையாது, யார் வாசித்தது என்ற விவரம் கிடையாது. பக்கத்துக்கு ரெண்டே ரெண்டு பாட்டு, ஒவ்வொன்றும் ஏறக்குறைய இருபது நிமிடம்.

விவரமெல்லாம் பிறகு இன்டர்நெட் சென்டரில் மணிக்கு முப்பது ரூபாய் கொடுத்துத் தெரிந்துகொண்டதுதான். யெஸ், இங்கிலாந்தின் புராக்ரஸிவ் ராக் குழு, அதாவது ராக் இசையை நீளமாக, சிக்கலாக விரித்து வாசிக்கிற வகை. 1972-இல் ‘க்ளோஸ் டு தி எட்ஜ்’ என்ற ஆல்பத்தில் 18 நிமிடத்துக்கு மேல் ஓடும் ஒரு பாட்டை வைத்து இசைத்தட்டின் ஒரு பக்கம் முழுவதையும் நிரப்பினார்கள். அது நன்றாகப் போனது. ஒரு பக்கம் செய்தாயிற்று, இனி நான்கு பக்கம் செய்தால் என்ன என்று கிளம்பியதன் விளைவு 1973 டிசம்பரில் வந்த இந்த இரட்டை எல்பி, அதாவது இரண்டு பெரிய இசைத்தட்டு. மொத்தம் நான்கே பாட்டு, 81 நிமிடம்.

இதன் கரு கிடைத்தது ஒரு கல்யாண வீட்டில். குழுவை விட்டுப்போன டிரம்மர் பில் புரூஃபோர்ட் 1973 மார்ச்சில் திருமணம் செய்துகொண்டார். விருந்துக்கு வந்த ஜேமி மியூர் என்ற தாளவாத்தியக்காரர், யெஸ் குழுவின் பாடகர் ஜான் ஆண்டர்சனிடம் பரமஹம்ச யோகானந்தரின் சுயசரிதையைப் படித்துப் பார்க்கச் சொன்னார். கச்சேரிக்காக ஜப்பான் போன ஆண்டர்சன், டோக்கியோ ஹோட்டல் அறையில் அதைப் புரட்டினார். 83-ஆம் பக்கத்து அடிக்குறிப்பு ஒன்று அவரைப் பிடித்துக்கொண்டது. சாஸ்திரங்கள் நான்கு வகை, சுருதி, ஸ்மிருதி, புராணம், தந்திரம் என்று சொல்லும் நீண்ட அடிக்குறிப்பு. நான்கு வகை, நான்கு பக்கம். கிட்டார் வாசிக்கும் ஸ்டீவ் ஹவ்வும் அவரும் ஹோட்டல் அறைகளில் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் உட்கார்ந்து முழு அமைப்பையும் தயார் செய்துவிட்டார்கள்.

இதை நான்கு வேதங்களைப் பற்றிய ஆல்பம் என்று சிலர் எழுதுகிறார்கள். அப்படி இல்லை. சுருதி என்ற முதல் வகைக்குள்ளேயே நான்கு வேதமும் அடங்கிவிடும், மீதி மூன்றும் வேறு. இந்த வார்த்தைகளைச் சின்ன வயதிலிருந்து காதில் வாங்கி வளர்ந்த நமக்கு இங்கே ஒரு தொந்தரவு இருக்கிறது. சுருதி என்ன சொல்கிறது, ஸ்மிருதி எங்கே வருகிறது என்று வரிக்கு வரி தேட ஆரம்பித்துவிடுவோம். நானும் தேடினேன். கிடைக்காது. ஆண்டர்சன் வார்த்தைகளைப் பொருளுக்காகப் போடுகிறவர் இல்லை, ஓசைக்காகப் போடுகிறவர். ஓர் அடிக்குறிப்பைப் பிடித்துக்கொண்டு எழுதிய 81 நிமிடத்தில் சாஸ்திர ஆராய்ச்சியை எதிர்பார்ப்பது நம் தப்பு. அந்தத் தேடலை விட்ட பிறகுதான் எனக்குப் பாட்டே காதில் விழுந்தது.

முதல் பாட்டு வாய்க்குள் முணுமுணுப்பது போன்ற ஒரே சீரான குரலில் தொடங்கும். மேலே இன்னொரு குரல், அதன் மேல் இன்னொன்று என்று அடுக்கு ஏறிக்கொண்டே போகும். ஒரு தீபாவளி லீவில் வீட்டு டேப் ரெக்கார்டரில் போட்டேன். பேப்பர் படித்துக்கொண்டிருந்த அப்பா கண்ணாடியை இறக்கிப் பார்த்து, “என்னடா, வெள்ளைக்காரன் ஜபம் பண்றானா?” என்றார். அந்த அடிக்குறிப்புக் கதை அப்போது எனக்கே தெரியாது. அவர் எப்படிப் பிடித்தார் என்று இன்றுவரை யோசிக்கிறேன்.

சரி, குறைக்கு வருகிறேன். ‘இழுவை’ என்பதுதான் இந்த ஆல்பத்தின் மேல் ஐம்பது வருடமாக இருக்கும் புகார், அதைச் சொன்னவர்களில் முக்கியமானவர் கீபோர்டு வாசித்த ரிக் வேக்மன். ஒரு எல்பிக்கு அதிகமாகவும் ரெண்டு எல்பிக்குப் போதாமலும் சரக்கு இருந்தது, மிச்சத்தை நீட்டி நிரப்பினோம் என்பது அவர் கட்சி. லண்டன் மார்கன் ஸ்டூடியோவில் பதிவு நடந்தபோது பாதி நேரம் அவர் வேறு எங்காவதுதான் இருந்தார். அதே கட்டடத்தில் பதிவு செய்துகொண்டிருந்த பிளாக் சப்பாத் குழுவிடம் போய் அவர்களின் ஒரு பாட்டுக்கு வாசித்துக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். கிராமப்புறத்தில் பதிவு செய்யலாம் என்று குழுவில் சிலருக்கு ஆசை, மற்றவர்களுக்கு லண்டன்தான் வேண்டும். மேனேஜர் கண்டுபிடித்த சமரசத்தைக் கேளுங்கள். ஸ்டூடியோவுக்குள்ளேயே வேலி, வைக்கோல், அட்டையில் வெட்டிய பசுமாடு எல்லாம் கொண்டுவந்து வைத்துவிட்டார். பிரபஞ்ச ரகசியம் பாடும் ஆல்பம் அட்டை மாட்டுக்குப் பக்கத்தில் நின்றுதான் பதிவானது.

கச்சேரிக் கதை அதைவிட மேல். ஆல்பம் கடைக்கு வருவதற்கு முன்பே, 1973 நவம்பரில், யாரும் கேட்டிராத இந்த 81 நிமிடத்தையும் மேடையில் வாசித்துக்கொண்டு ஊர் ஊராகப் போனார்கள். மான்செஸ்டரில் ஒரு நாள், கீபோர்டுக்கு அடியில் படுத்திருந்த உதவியாளர் கச்சேரி முடிந்ததும் என்ன சாப்பாடு வேண்டும் என்று கேட்க, வேக்மன் சிக்கன் விண்டாலூ, புலாவ், அப்பளம் என்று ஒரு பட்டியலே சொல்லியிருக்கிறார். உதவியாளர் ‘முடிந்ததும்’ என்பதை விட்டுவிட்டார். கொஞ்ச நேரத்தில் அலுமினியத் தட்டுகளில் சாப்பாடு கீழேயிருந்து மேலே வந்துவிட்டது. தனக்கு வாசிக்க வேலையில்லாத இடத்தில் வேக்மன் மேடையிலேயே சாப்பிட்டார். அவரே வருடக்கணக்காகச் சொல்லிவரும் கதை இது, உப்பும் காரமும் கொஞ்சம் சேர்ந்திருக்கலாம். 1974 மே மாதம் அவர் குழுவை விட்டே போய்விட்டார்.

வேக்மனின் புகாரை நான் பாதி ஒத்துக்கொள்கிறேன். மீதிப் பாதி, கேட்கிற முறையில் இருக்கிற கோளாறு.

அதை நான் கண்டுபிடித்ததே தற்செயலாகத்தான். கேசட்டில் ஒரு பக்கம் என்றால் ரெண்டு பாட்டு, 41 நிமிடம். 2004-இல் வாங்கிய இரட்டை சிடியிலும் அதே கணக்கு. முதல் பாட்டு முடிந்த கையோடு இரண்டாவது வந்து நிற்கும். கல்யாணப் பந்தியில் சாப்பிட்டு முடித்த இலையிலேயே அடுத்த பந்தியையும் பரிமாறியது போல. 2011-இல் பழைய எல்பி ஒன்று வாங்கினேன். இருபது நிமிடம் ஆனதும் எழுந்துபோய்த் தட்டைத் திருப்பிப் போட வேண்டும். அலுவலகம் விட்டு வந்த அலுப்பில் பல நாள் எழவில்லை. ஒரு பக்கத்தோடு படுத்துவிட்டேன். மறுநாள் அடுத்த பக்கம். ஒரு வாரம் இப்படி ஓடியதில், இது 81 நிமிட ஆல்பமே இல்லை, நான்கு தனித்தனி ஆல்பம் என்று புரிந்துபோனது. இருபது நிமிடம் என்பது ஒரு ராகத்தை விரிவாகக் கேட்கிற நேரம்தான். அதற்கு மலைக்காதவர்கள் இதற்கு மலைக்க வேண்டியதில்லை.

அப்படிக் கேட்டால் எந்தப் பக்கம் நிற்கிறது? முதல் பக்கம் எல்லோருக்கும் பிடிக்கும், அதில் பேச ஒன்றுமில்லை. முடிவுக்குச் சற்று முன்னால் மினிமூக் என்ற மின்னணு கீபோர்டில் வரும் வேக்மனின் தனி வாசிப்பைக் கேட்டால், இவரா சலிப்பில் இருந்தார் என்று தோன்றும்.

எனக்கு இரண்டாம் பக்கம். பெரும்பாலானவர்கள் தாண்டிப் போவதும் இதைத்தான். ‘தி ரிமெம்பரிங்’, அதாவது ஸ்மிருதி, நினைவு. இதில் எதுவும் நடக்காது, அதுதான் இதன் அழகு. மெல்லோட்ரான் என்றொரு வாத்தியம், ஒவ்வொரு கட்டைக்கும் அடியில் முன்பே பதிந்த வயலின் அல்லது குரலின் டேப் துண்டு ஓடும். டேப் என்பதால் சுருதி லேசாக அலையும், நிற்காது. அந்த அலைச்சல்தான் இந்தப் பக்கம் முழுக்க அடியில் ஓடிக்கொண்டிருக்கிறது. அதன் மேல் மெதுவான பாட்டு வரும், போகும், சுற்றிக்கொண்டு திரும்ப வரும். நடுவில் திடீரென்று கிட்டாரும் பேஸ் கிட்டாரும் துள்ளலாக ஒரு ஓட்டம் ஓடிவிட்டு அடங்கிவிடும். மழை பெய்து ஓய்ந்த ராத்திரியில், விளக்கை அணைத்துவிட்டுக் கேட்க வேண்டிய பக்கம். ஆல்பத்தின் தலைப்பில் இருக்கும் கடல் இங்கேதான் இருக்கிறது என்பது என் கட்சி.

இந்தப் பக்கத்தோடு எனக்கு இன்னொரு உறவும் உண்டு. சீனியர் அண்ணன் பழைய கேசட்டின் மேல்தான் இதைப் பதிந்திருந்தார். பக்கத்துக்கு 45 நிமிடம், பாட்டு 41 நிமிடம். மிச்சம் நாலு நிமிடத்தில், முன்பு இருந்த ஓர் இளையராஜா பாட்டு சரணத்தின் நடுவிலிருந்து தொடங்கும். ஒரு சொல்லின் பின்பாதியில் தொடங்கும், அவ்வளவு துல்லியம்! நான் அந்த கேசட்டைத் தேய்த்த தேய்ப்பில், இரண்டாம் பாட்டு முடிந்தால் அந்தச் சரணம் வந்தே ஆகவேண்டும் என்று காது பழகிவிட்டது. இப்போது நல்ல ஸ்பீக்கரில், நல்ல பதிப்பில் கேட்டாலும் முடிந்ததும் ஒரு நொடி அந்தப் பாதிச் சொல்லுக்குக் காத்திருக்கிறேன்.

மூன்றாம் பக்கம் கரடுமுரடு. ஸ்டீல் கிட்டாரின் கீச்சும் தாளத்தின் உடைசலுமாக முதல் பன்னிரண்டு நிமிடம் 25 வருடமாகியும் எனக்கு வசப்படவில்லை. இங்கே வேக்மன் பக்கம்தான் நான். நடுவில் சூரியனுக்கான பெயர்களைப் பல மொழிகளில் அடுக்கிக்கொண்டே போவார் ஆண்டர்சன். அதில் ‘தூப்’ என்று ஒன்று வரும். இந்தியில் அது வெயில், சூரியன் இல்லை. யாரோ மொட்டை மாடியில் வற்றல் காயப்போடச் சொல்வது போல எனக்கு ஒவ்வொரு தடவையும் சிரிப்பு வரும். நம் ஞாயிறு அந்தப் பட்டியலில் இல்லை என்பதில் ஒரு சின்ன வருத்தமும் உண்டு. ஆனால் பொறுத்திருந்தால் கடைசியில் எல்லாச் சத்தமும் அடங்கி, ஸ்டீவ் ஹவ் நைலான் கம்பி கிட்டாரை எடுப்பார். தனியாக வாசிப்பார், பிறகு குரல் சேரும். அந்த ஐந்தாறு நிமிடத்துக்காக மட்டும் பாதியில் ஊசியை வைத்துக் கேட்கிற நாட்கள் இருக்கின்றன. ஏமாற்றுவேலைதான்.

நான்காம் பக்கம் ‘ரிச்சுவல்’. கிறிஸ் ஸ்குயரின் பேஸ் கிட்டார் இதில் பின்னணியில் நிற்காமல் முன்னால் வந்து பாடுகிறது. பிறகு டிரம்மர் ஆலன் வைட்டின் தலைமையில் ஒரு தாளப் போர். மேடையில் பாடகரும் ஸ்குயரும்கூட ஆளுக்கொரு தாளவாத்தியத்தை அடிப்பார்கள், 1975-இல் லண்டனில் நடந்த மைதானக் கச்சேரியின் படத்தில் பார்க்கலாம். எங்கள் வீட்டில் அந்த இடம் வரும்போது சமையலறையிலிருந்து, “எவர்சில்வர் கடையில எலி பூந்துடுச்சா?” என்று குரல் வரும். சவுண்டைக் குறைத்துவிடுவேன். அந்தப் போர் ஓய்ந்ததும் வருகிற மெல்லிய பாட்டு மட்டும் சவுண்டைக் குறைத்தாலும் கேட்கும்.

எதை வாங்குவது என்று கேட்பவர்களுக்கு. எல்பியில் ஒரு பக்கத்துக்கு இருபது நிமிடத்தைத் தாண்டினால் பள்ளங்களை நெருக்கிச் செதுக்க வேண்டும், சத்த அளவு குறையும், கரகரப்பு மேலே தெரியும். இந்த ஆல்பத்தில் மூன்றாவதைத் தவிர எல்லாப் பக்கமும் இருபதைத் தாண்டியவை. நான் வாங்கியது ‘புதுசு மாதிரி’ என்று விற்பவர் சத்தியம் செய்த பழைய தட்டு. வந்து பார்த்தால் முதல் பக்கத்து ஜபம் முழுக்க எண்ணெயில் கடுகு தாளித்தது போலப் பொரிந்தது. பணம் திரும்பவில்லை. ரோஜர் டீன் வரைந்த அட்டை மட்டும் நன்றாக இருந்தது. நட்சத்திர வானத்துக்கு அடியில் மீன்கள் நீந்தும், பின்னால் மாயன் கோயில் நிற்கும். சிடி சைஸில் அது தபால்தலை போலாகிவிடுகிறது, எல்பி அட்டையில்தான் பார்க்கவேண்டும்.

சிடி வாங்குவதானால் 2003 பதிப்பில், எல்பிக்காக அன்று வெட்டிவிட்ட சுமார் 2 நிமிட முன்னிசையை முதல் பாட்டுக்குத் திரும்பச் சேர்த்திருக்கிறார்கள். அலையோசையோடு மெதுவாகத் தொடங்கும். எனக்கு அது வேண்டியதில்லை. ஜபம் சட்டென்று தொடங்குவதுதான் பிடிக்கிறது. 2016-இல் ஸ்டீவன் வில்சன் என்ற இசைக்கலைஞர் மறுபடி மிக்ஸ் செய்த, அதாவது தனித்தனியாகப் பதிந்த குரல்களையும் வாத்தியங்களையும் புதிதாகக் கலந்த பதிப்பு வேறு ரகம். பழைய மிக்ஸில் சேற்றுக்குள் மாட்டிக்கொண்டிருந்த பேஸும் பின்குரல்களும் கரையேறி வந்திருக்கின்றன. இரண்டாம் பக்கத்தில் ஸ்குயர் என்ன செய்கிறார் என்பதே எனக்கு அதில்தான் முழுசாகத் தெரிந்தது. ஒன்றே ஒன்று வாங்குவதாக இருந்தால் அதை வாங்குங்கள். செயலிகளில் கேட்பவர்கள், ஒரு பாட்டு முடிந்ததும் அடுத்தது தானாக ஓடும் வசதியை முதலில் நிறுத்திவிடுங்கள். அப்புறம் இரண்டாம் பாட்டிலிருந்து ஆரம்பியுங்கள்.