1966 மஸ்டாங் வாங்கி ஏமாந்தேன்: பழைய அமெரிக்க வண்டி ஆசை உள்ளவர்கள் பணம் அனுப்பும் முன் படிக்கவும்

மிச்சிகனில் இருக்கும் நம்மாட்களுக்காக முக்கியமாக எழுதுகிறேன். ஆகஸ்ட் மாதம் உட்வர்ட் அவென்யூ ஓரம் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்து, போகிற பழைய வண்டிகளை வாய் பிளந்து பார்த்துவிட்டு, வீட்டுக்கு வந்து ராத்திரி ஒரு மணி வரைக்கும் விளம்பரங்களை மேய்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள் என்று தெரியும். நானும் அப்படித்தான் மேய்ந்தேன். போன வருஷம் 32,500 டாலர் கொடுத்து ஒரு வண்டி வாங்கினேன். திருப்பிக் கொடுக்க முடியவில்லை, பணமும் வரவில்லை.

விளம்பரம் இதுதான்: "1966 ஃபோர்டு மஸ்டாங் ஜிடி. 289 வி8 இன்ஜின், நம்பர்ஸ் மேட்சிங். அரிசோனா வண்டி, துரு இல்லை. ஒரே குடும்பம். 43,000 மைல்." வி8 என்றால் எட்டு சிலிண்டர், 289 அதன் கொள்ளளவு கன அங்குலத்தில். ஜிடி என்பது வேகத்துக்கென்று ஃபோர்டே செய்த வகை. நம்பர்ஸ் மேட்சிங் என்றால் தொழிற்சாலையில் வைத்த அதே இன்ஜின் என்று அர்த்தம். இதில் கடைசியில் உண்மை என்று தேறியது "1966", "ஃபோர்டு", "மஸ்டாங்" மூன்றும்தான்.

விற்றது தெற்கே ஒரு மாநிலத்தில் இருக்கும் கடை. மற்றவர்கள் வண்டியை ஷோரூமில் நிறுத்திக் கமிஷனுக்கு விற்றுக் கொடுப்பவர்கள். பெயர் போடவில்லை, தனியாகக் கேட்டாலும் சொல்ல மாட்டேன். பெயர் தெரிந்து பிரயோஜனமும் இல்லை, இந்த மாதிரிக் கடை ஒன்று இரண்டு இல்லை.

முதல் போனில் அந்த ஆள் விலையைப் பற்றிப் பேசவே இல்லை. "உங்களுக்கு ஏன் பழைய வண்டி மேல் ஆசை?" என்று கேட்டான். கேட்டதுதான் தாமதம், நான் எங்கள் தாத்தாவை இழுத்து வந்துவிட்டேன். தாத்தா கோயமுத்தூரில் ஒரு மில் முதலாளி வீட்டில் டிரைவர். அந்த வீட்டில் பிளைமவுத் என்ற அமெரிக்கக் கார் ஒன்று இருந்தது. ஊரில் அதற்கு பிளசர் என்றுதான் பேர். "பிளசர் வந்தா ரோட்டுல மேயற கோழி கூட ஒதுங்கிக்கும்டா" என்பார். நான் அந்த வண்டியைப் பார்த்ததே இல்லை, என் அப்பாவே ஒருதரம்தான் ஏறியிருக்கிறார். ஆனாலும் பெரிய ஸ்டியரிங், குரோமியப் பம்பர், பெஞ்சு சீட் எதைப் பார்த்தாலும் தாத்தா ஞாபகம் வந்துவிடும். இதை எல்லாம் இருபது நிமிஷம் அவனிடம் கொட்டினேன்.

மறுநாள் அவனே கூப்பிட்டான். வண்டி எண்பது வயதுப் பாட்டி ஒருவருடையதாம். கணவர் பட்டாளத்தில் இருந்து வந்ததும் புதுசாக எடுத்த வண்டி, அவர் போன பிறகு யாருக்கும் தொட மனசு வரவில்லையாம். "உங்க தாத்தா கதையை அந்த அம்மாகிட்ட சொன்னேன், அழுதுட்டாங்க. உங்களுக்குத்தான் கொடுக்கணும்னு சொல்றாங்க." அதோடு நான் காலி. நான் கொடுத்த நூலில் எனக்கே சட்டை தைத்துப் போட்டிருக்கிறான் என்பது அப்போது உறைக்கவில்லை.

என் மனைவிக்கு உறைத்தது. "ஏங்க, தக்காளி வாங்கினாலே அழுத்திப் பாத்துத்தானே எடுப்பீங்க? முப்பதாயிரம் டாலர் வண்டியை நேர்ல போய்ப் பாக்க வேண்டாமா?" என்றாள். அறுபது போட்டோ இருக்கிறது என்றேன். ஒரு போட்டோவில் கூட வண்டியின் அடிப்பாகம் இல்லை என்பதை எண்ணிப் பார்க்கவில்லை.

ஜூனில் டிரெய்லரில் வந்து இறங்கியது. உண்மையைச் சொல்ல வேண்டும், அந்த முதல் வாரம் சொர்க்கம். வெயிலில் சூடேறிய ரெக்சின் சீட்டின் வாசம், விரலால் சுற்றக்கூடிய மெல்லிய ஸ்டியரிங், சாவியைத் திருப்பியதும் கராஜ் கதவே அதிரும் சத்தம். பெட்ரோல் பங்கில் முன்பின் தெரியாதவர்கள் வந்து தங்கள் முதல் காதலைப் பற்றி எல்லாம் சொன்னார்கள். இத்தனை வருஷம் இங்கே இருந்ததில் இவ்வளவு பேர் என்னிடம் வலிய வந்து பேசியது கிடையாது. இந்த வண்டிகளின் மயக்கம் பொய் என்று நான் சொல்லவே மாட்டேன். அந்த மயக்கத்தில்தான் கை வைக்கிறார்கள்.

ஆகஸ்டில் உட்வர்ட் ட்ரீம் குரூஸ், பழைய வண்டிகளை அந்த ரோட்டில் ஓட்டிக் காட்டும் விழா. 1995-ல் ஃபெர்ண்டேலில் ஒரு சாக்கர் மைதானத்துக்கு நிதி திரட்டத் தொடங்கியது, இன்றைக்கு பாண்டியாக் ஊர் வரைக்கும் ரோடு நிறைய வண்டி. நானும் பெருமையாகக் குடும்பத்தோடு கிளம்பினேன். நின்று நின்று போகிற நெரிசலில் நாலாவது சிக்னல் வருவதற்குள் பிரேக் பெடல் பஞ்சு மாதிரி அமுங்கியது. முன்னால் ஒரு கமரோ. அதன் பம்பருக்கும் எங்களுக்கும் ஒரு முழம் இடைவெளியில் நின்றோம். பின்சீட்டில் பையன் கைதட்டினான், ஏதோ வித்தை காட்டுகிறேன் என்று நினைத்தான். மனைவி ஒன்றும் சொல்லவில்லை. ஒன்றும் சொல்லாமல் இருப்பது என்ன அர்த்தம் என்று கல்யாணம் ஆனவர்களுக்குத் தெரியும்.

எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவர் கார் தொழிற்சாலையில் டூல் அண்ட் டை, அதாவது அச்சுக் கருவி செய்யும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மறுநாள் காலை காபி கோப்பையோடு வந்தார். எதையும் கேட்காமல் ஒரு ஸ்க்ரூடிரைவரை எடுத்து முன்சக்கரத்தின் வீல் கப்பை நெம்பிக் கழற்றினார். உள்ளே எண்ணினார். நாலு நட்டு.

"வி8 மஸ்டாங்குக்கு அஞ்சு இருக்கணும்" என்றார். "நாலு இருந்தா அது ஆறு சிலிண்டர் வண்டி. யாரோ பெரிய இன்ஜினைத் தூக்கி வெச்சு, பிரேக்கை அப்படியே விட்டுட்டான்."

அந்தக் காலத்து ஆறு சிலிண்டர் மஸ்டாங்குக்கு 9 அங்குல டிரம் பிரேக். வி8-க்கு 10 அங்குலம், ஜிடி என்றால் முன்னால் டிஸ்க்கே உண்டு. அதோடு 1966 வரைக்கும் பிரேக் எண்ணெயைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரில் ஒரே அறைதான். எங்கேயாவது ஒரு இடத்தில் எண்ணெய் கசிந்தால் நாலு சக்கரத்துக்கும் பிரேக் போய்விடும். அந்தப் பிரேக்கை நம்பித்தான் பிள்ளையைப் பின்னால் உட்கார வைத்து ஓட்டியிருக்கிறேன்.

அடுத்து பானெட்டைத் திறந்தார். டிரைவர் பக்கம் ஃபெண்டர் (மட்கார்ட்) விளிம்பில் அரைவட்டமாக ஒரு வெட்டு இருக்கும், அதற்குக் கீழே உள்தகட்டில்தான் வண்டி எண்ணை அடித்திருப்பார்கள். என் வண்டியில் அந்த இடத்தில் மட்டும் பெயிண்ட் கெட்டியாக அப்பியிருந்தது. நகத்தால் சுரண்டினோம். 6, எஃப், 07, டி (T). பிறகு வரிசை எண்.

இதைப் படிக்கத் தெரிந்திருந்தால் நான் தப்பித்திருப்பேன். டியர்போர்னில் ஹென்றி ஃபோர்டு மியூசியத்துக்குப் போனவர்கள் அங்கே நிற்கும் வெள்ளை மஸ்டாங்கைப் பார்த்திருப்பீர்கள். அதுதான் 1-ம் எண். 1964-ல் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் தவறுதலாக ஒரு விமானிக்கு விற்றுவிட்டார்கள். திரும்ப வாங்க, அவருக்குப் புது மஸ்டாங் ஒன்றைக் கொடுக்க வேண்டி வந்தது. அந்த 1-ம் வண்டியின் எண் 5எஃப்08எஃப்100001. ஐந்து என்றால் 1965 மாடல், எஃப் என்றால் டியர்போர்ன் தொழிற்சாலை, 08 என்றால் மேல்கூரை மடிக்கும் வண்டி, அடுத்த எஃப் 260 வி8. அந்த வண்டி முன்னால் நின்று எத்தனை விருந்தாளிகளுக்கு இந்தக் கதையை அளந்திருக்கிறேன்! என் வண்டியின் எண்ணை மட்டும் படிக்கவில்லை.

அந்த ஐந்தாவது இடத்து எழுத்துதான் இன்ஜின். 1966-ல் உண்மையான ஜிடி என்றால் அங்கே ஏ அல்லது கே (இரண்டும் 289 வி8) இருந்தே ஆக வேண்டும். டி என்றால் 200 கன அங்குல ஆறு சிலிண்டர், 120 குதிரைத்திறன். கடைக்காரன் அனுப்பிய போட்டோவில் கதவுத் தகட்டில் ஏ என்று பளிச்சென்று இருந்தது. அந்தத் தகட்டை ஆர்டர் கொடுத்தால் புதுசாக அடித்துத் தருகிறார்கள். ஃபெண்டர் உள்தகட்டை அப்படி மாற்றுவது லேசுப்பட்ட வேலை இல்லை, அதனால்தான் பெயிண்ட் அப்பினார்கள். ஜிடி எழுத்தும், பனி விளக்கும், இரட்டை சைலன்சரும் எந்த வண்டிக்கும் வாங்கி மாட்டலாம்.

"நம்பர்ஸ் மேட்சிங்" என்ற வார்த்தையைக் கேட்டால் இப்போது எனக்குச் சிரிப்பு வருகிறது. 1966 மஸ்டாங்கில் கே இன்ஜினில் மட்டும்தான் வண்டி எண்ணை அடித்தார்கள், மற்ற இன்ஜின்களில் கிடையாது. எது எதோடு மேட்ச் ஆகும்? என் வண்டியில் இருந்தது 1970களின் 302 கன அங்குல வி8. இன்ஜினில் வார்த்திருந்த எண் டி4 (D4) என்று தொடங்கியது, ஃபோர்டு கணக்கில் அது 1974.

மைல் கணக்கும் அப்படித்தான். மீட்டரில் ஐந்து இலக்கம்தான், 99,999 தாண்டினால் மறுபடி பூஜ்யம். 43,000 என்பது 1,43,000 ஆகவும் இருக்கலாம், 2,43,000 ஆகவும் இருக்கலாம். ஆன்லைனில் வண்டி வரலாறு எடுத்துப் பார்க்கலாமே என்பீர்கள். 17 இலக்க எண் வந்ததே 1981 மாடலில் இருந்துதான், அதற்கு முந்தைய வண்டிகளுக்கு அந்தத் தளங்களில் ஒன்றும் வராது. 1967-ல் இருந்து மஸ்டாங்குகளுக்கு ஃபோர்டின் உற்பத்திப் பதிவை வைத்து, வண்டி தொழிற்சாலையில் எப்படிச் செய்யப்பட்டது என்று சொல்லும் மார்ட்டி ரிப்போர்ட் வாங்கலாம். என்னுடையது 1966. ஒரு வருஷத்தில் தப்பியது, என் ராசி.

பெரியவர் ஃப்ரிட்ஜ் காந்தம் ஒன்றைத் துணியில் சுற்றிப் பின்சக்கரத்துக்கு மேலே வைத்தார். விழுந்தது. கொஞ்சம் தள்ளி வைத்தார், விழுந்தது. பட்டி பூசி மழுப்பிய இடத்தில் இரும்பே இல்லை. டிக்கி விரிப்பைத் தூக்கிப் பார்த்தால் பெட்ரோல் டாங்க்கின் தலை அப்படியே தெரிந்தது, நான் "இதையும் வெட்டி வெச்சிருக்கானா!" என்று கத்திவிட்டேன். அவர் சிரித்தார். அது மட்டும் ஏமாற்று இல்லையாம், ஃபோர்டே அப்படித்தான் செய்ததாம்.

பிறகு ஒரு வாளித் தண்ணீர் கேட்டார். முன் கண்ணாடிக்குக் கீழே காற்று போகும் துவாரங்களில் மெதுவாக ஊற்றினார். இந்த வண்டிகள் முதலில் துருப்பிடிப்பது அங்கேதான். பத்து விநாடியில் உள்ளே சொட்டுச் சத்தம். கார்ப்பெட்டைக் கிழித்தோம். தார் மாதிரி ஏதோ பூசியிருந்தது, அதன் மேல் கையை ஓட்டியபோது விரலில் எழுத்து தட்டியது. சுரண்டிப் பார்த்தால் ஒஹாயோ நம்பர் பிளேட். தரையில் விழுந்த ஓட்டையை அதை வைத்து ரிவெட் அடித்து மூடியிருக்கிறார்கள். அரிசோனா வண்டியாம். ஒஹாயோவில் குளிர்காலம் முழுக்க ரோட்டில் உப்பைக் கொட்டுவார்கள்.

கடைக்குப் போன் போட்டேன். "நாங்கள் இடையில் இருக்கிறவர்கள்தான், உரிமையாளர் சொன்னதைப் போட்டோம். நீங்கள் 'ஆஸ் இஸ்' என்று கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள்." இருக்கிற நிலையில் அப்படியே எடுத்துக்கொண்டேன், எந்த உத்தரவாதமும் கிடையாது என்று அர்த்தம். வண்டிப் பத்திரத்தை எடுத்துப் பார்த்தேன், பாட்டி பெயரே இல்லை. முந்தைய உரிமையாளர் என்று இருந்தது இன்னொரு பழைய கார் கடை. வக்கீலைக் கேட்டேன். வழக்கு என்றால் அவர்கள் கவுண்டியில்தான் போட வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே இருக்கிறதாம், ஆரம்பத்துக்கே 5,000 டாலர் கட்டச் சொன்னார். விட்டுவிட்டேன்.

வாங்கப் போகிறவர்கள் நேரில் போங்கள். முடியாவிட்டால் அந்த ஊரில் பழைய வண்டி தெரிந்த மெக்கானிக் ஒருவருக்குக் காசு கொடுத்து லிஃப்டில் ஏற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். நான் அந்தச் சில நூறு டாலரை மிச்சம் பிடித்தேன். "இன்னொருத்தர் காலையில் வருகிறார், இப்பவே அனுப்புங்கள்" என்றால் அந்த இன்னொருத்தரே எடுத்துக்கொள்ளட்டும். முக்கியமாக, உங்கள் தாத்தா கதையைப் போனில் சொல்லாதீர்கள்.

போன மாதம் வண்டியை விற்பனைக்குப் போட்டேன், 9,500 டாலர். ஆறு சிலிண்டர் வண்டி, இன்ஜின் மாற்றியது, பிரேக் போதாது, தரையில் நம்பர் பிளேட் என்று எல்லாவற்றையும் போட்டோவோடு எழுதினேன். மூன்று வாரத்தில் ஒரே ஒரு போன். அந்த ஆள் பிரேக்கைப் பற்றிக் கேட்கவில்லை, துருவைப் பற்றியும் கேட்கவில்லை. "இது யார் வண்டி? ஏதாவது கதை இருக்கா?" என்றார். கதை ஒன்றும் இல்லை, சக்கரத்துக்கு நாலு நட்டுதான் என்றேன். யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டார்.