ஹட்டன் குளிரில் மூன்று வருஷம்: பழைய கேமுக்கு ஒரு பழைய லெப்டொப்

2022 கடைசியில் அம்மாவுக்குச் சீட்டு விழுந்தது. 60,000 ரூபா. அதில் 52,000 ரூபாவை நான் கைமாற்றாக வாங்கிக்கொண்டேன், சம்பளத்தில் மாதா மாதம் தருகிறேன் என்று சொல்லி. டொலர் 360 ரூபாவைத் தொட்டிருந்த நேரம். புது லெப்டொப் விலையைக் கேட்கவே பயம். எனக்கோ தேவை பெரிதாக ஒன்றுமில்லை. பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில், கொமியூனிகேஷன் கடையில் மணிக் கணக்குக்குக் காசு கொடுத்து அடித்த கேம்களை வீட்டில் உட்கார்ந்து அடிக்க வேண்டும். ஏஜ் ஒஃப் எம்பயர்ஸ் 2, ப்ராஜெக்ட் ஐஜிஐ, வைஸ் சிட்டி, சான் ஆண்ட்ரியாஸ், மோஸ்ட் வோன்டட், கிரிக்கெட் 07. அதற்கு மேல் ஆசை கிடையாது.

முதலில் விசாரித்த கடைக்காரர், "தம்பி, கேம் அடிக்கணும்னா தனி கிராபிக்ஸ் கார்ட் உள்ள மெசினா பாருங்க, ஒரு பதினஞ்சு கூடப் போனாலும் பரவாயில்ல" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். ஆனால் மேலே சொன்ன கேம்கள் எல்லாம் 1999க்கும் 2006க்கும் இடையில் வந்தவை. 2012இல் வந்த மூன்றாம் தலைமுறை ஐ5 சிப்புக்குள்ளேயே இருக்கும் இன்டெல் எச்டி 4000 கிராபிக்ஸே அவற்றுக்குப் போதும். என் கூட்டாளி ஒருவன் அதே மாதம் தனி கார்ட் உள்ள மெசின் எடுத்தான். பதினான்காம் மாதம் திரையில் கோடு கோடாக வந்தது, அப்புறம் ஒரே இருட்டு. போர்டையே மாற்ற வேண்டுமாம், வாங்கிய விலையில் பாதி. இப்போது அது அலுமாரிக்கு மேலே கிடக்கிறது. ஒரு மெசினை வைத்து எல்லாவற்றையும் எடைபோடக் கூடாதுதான். ஆனாலும் பத்து வருஷம் ஓடித் தேய்ந்த ஒரு ஃபேன், பிராசஸர் சூட்டையும் கார்ட் சூட்டையும் சேர்த்து இழுக்க வேண்டும் என்பதை யோசித்துப் பாருங்கள்.

நான் எடுத்தது ஆபிஸ் மெசின். திங்க்பேட் டி வரிசை, லெட்டிடியூட், எலைட்புக் என்று வெளிநாட்டுக் கம்பனிகள் மொத்தமாக வாங்கி, சில வருஷம் பாவித்துவிட்டுக் கழிப்பவை. மூன்றும் ஒரே சாதி, என்னுடையது அதில் ஒன்று. பார்க்க அழகு கிடையாது, செங்கல் மாதிரி கனம். ஆனால் நாலைந்து ஸ்க்ரூ கழற்றினால் அடிப்பக்கம் திறந்துவிடும். கீபோர்ட், ஃபேன், ஹிஞ்ச் எல்லாம் கொழும்பில் கம்பியூட்டர் கடைகள் நிறைந்த யூனிட்டி பிளாசா பக்கம் போனால் பழையதாகவாவது கிடைக்கும். கண்டியில் வாங்கி, நாவலப்பிட்டி வழியாக பஸ்ஸில் மடியில் வைத்தே கொண்டுவந்தேன்.

திரையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வாங்கும்போது நானே அதைக் குறையாகத்தான் நினைத்தேன். 1366க்கு 768 புள்ளி. இந்தக் காலத்தில் யாரும் மதிக்காத திரை. ஆனால் அந்தக் காலத்து கேம் பாதிக்கு மேல் 4:3 சதுரத் திரைக்கு வரைந்தவை, அவற்றில் 1024க்கு 768 என்ற அளவு அநேகமாக இருக்கும். உயரம் இரண்டுக்கும் ஒன்றே! இன்டெல் கிராபிக்ஸ் செட்டிங்கில் படத்தை இழுக்காமல் நடுவில் வைக்கச் சொன்னால், இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை விழும், நடுவில் ஒரு புள்ளிக்கு ஒரு புள்ளியாகப் படம் கூர்மையாக நிற்கும். தங்கச்சியின் புது லெப்டொப்பில், 1920க்கு 1080 திரையில், அதே ஏஜ் ஒஃப் எம்பயர்ஸை முழுத்திரைக்குப் பெரிதாக்கிப் பார்த்தேன். கிராமத்து ஆட்கள் எல்லாம் கண்ணீர் வழியே பார்த்த மாதிரி மங்கலாகத் தெரிந்தார்கள். மலிவுத் திரை எனக்கு லாபமாகப் போனது.

ரெம் 4 ஜிபி ஒரே துண்டாக வந்தது. இன்னொரு 4 ஜிபி டிடிஆர்3 போட்டேன். உள்ளே இருக்கும் கிராபிக்ஸ் தனக்கென்று நினைவகம் இல்லாமல் ரெம்மிலிருந்துதான் எடுக்கிறது, ஆகவே இரண்டு துண்டாக இருந்தால் அதற்குப் பாதை இரட்டிப்பாகும். மோஸ்ட் வோன்டட்டில் பொலிஸ் கூட்டமாக வந்து மோதும் இடங்களில் வித்தியாசம் கண்ணுக்கே தெரிந்தது. ஹார்ட் டிஸ்க்கைத் தூக்கிவிட்டு எஸ்எஸ்டி போட்டதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, எல்லோரும் செய்வதுதான்.

மெசினை விட விண்டோஸ் 10தான் தகராறு செய்தது. ஏஜ் ஒஃப் எம்பயர்ஸ் 2 திறந்ததுமே, டைரக்ட்பிளே என்ற பழைய விண்டோஸ் பகுதி இல்லை என்று நிற்கும். கன்ட்ரோல் பேனலில் விண்டோஸ் ஃபீச்சர்ஸ் பகுதிக்குப் போய் அதை ஒன் செய்ய வேண்டும். கொப்பி எடுக்க விடாத சேஃப்டிஸ்க் பூட்டு உள்ள ஒரிஜினல் டிஸ்க்குகள் விண்டோஸ் 10இல் ஓடவே ஓடாது, அந்தப் பூட்டைத் திறக்கும் டிரைவரையே மைக்ரோசொஃப்ட் எடுத்துவிட்டது. ஆகவே டிவிடி டிரைவ் இருக்கிறதே என்று கூடக் காசு கொடுக்காதீர்கள். கேம்களை ஜிஓஜி என்ற இணையக் கடையில் தள்ளுபடி வரும்போது வாங்கி, இன்ஸ்டோலரை இரவு டேட்டாவில் இறக்கி பென் டிரைவில் வைத்துக்கொள்வதுதான் சிக்னல் கோபுரத்தைப் பார்த்து வாழும் நமக்கு நல்லது, ஒருமுறை இறக்கினால் பிறகு நெட்டே வேண்டாம். அங்கே இல்லாதவற்றுக்கு அந்தப் பூட்டு இல்லாத பழைய சிடி தேடி அலைய வேண்டியதுதான். நிறம் குழம்பினால், திரை கறுத்தால், டிஜிவூடூ 2 என்ற சின்ன இலவச மென்பொருள் பழைய கேம்கள் கிராபிக்ஸோடு பேசும் டைரக்ட்எக்ஸ் மொழியைப் புதிய கிராபிக்ஸுக்கு மொழிபெயர்த்துத் தரும். இன்னொன்று: சான் ஆண்ட்ரியாஸில், செகண்டுக்கு இத்தனை படம்தான் என்று கட்டுப்படுத்தும் ஃப்ரேம் லிமிட்டரை ஓஃப் செய்யாதீர்கள். படம் வழுக்கிக்கொண்டு ஓடும், ஆனால் தண்ணீரில் விழுந்தால் ஆள் நத்தை மாதிரி நீந்துவான். நம்பர் பேட் இல்லாததும் அதே கேமில்தான் உறுத்தியது, ஹைட்ரா விமானத்தின் த்ரஸ்டரைத் திருப்ப அந்த இலக்கங்கள் வேண்டும். யூஎஸ்பி கீபோர்ட் ஒன்று வாங்கித் தீர்த்தேன்.

எல்லை எங்கே என்று கேட்டால், 2007 வரை தைரியமாகப் போகலாம். 2008 கடைசியில் கம்பியூட்டருக்கு வந்த ஜிடிஏ 4ஐப் போட்டுப் பார்த்தேன். ஸ்லைட் ஷோ. அன்றே அழித்துவிட்டேன்.

இனி நம் ஊர்ச் சங்கதி. ஹட்டன் கடல் மட்டத்திலிருந்து 1,200 மீட்டருக்கு மேலே. இந்தக் குளிரில் லெப்டொப் ஃபேன் முக்கால்வாசி நேரம் தூங்குகிறது. அதே மெசினைக் கொழும்பில் அக்கா வீட்டுக்கு ஒரு கிழமை கொண்டுபோனேன், வைஸ் சிட்டிக்கே பிரஷர் குக்கர் மாதிரி இரைந்தது. அந்த வகையில் நாம் கொடுத்து வைத்தவர்கள்தான். ஆனால் ஈரம் இருக்கிறதே! முதல் வருஷம் ஆனி ஆடி மழையில், வேலை நெருக்கடியால் மூன்று கிழமை தொடாமல் துணிப்பையில் போட்டு வைத்திருந்தேன். எடுத்துப் பார்த்தால் பையில் பூஞ்சணம், ஸ்பேஸ் பார் ஒட்டிக்கொண்டு எழும்ப மறுக்கிறது, திரையின் ஓரத்தில் வெள்ளை மூட்டம். மூட்டம் இன்றுவரை போகவில்லை. அன்றிலிருந்து மூடி இறுகும் பிளாஸ்டிக் பெட்டி, சப்பாத்துப் பெட்டிகளில் வரும் சிலிக்கா பொட்டலங்கள், கிழமைக்கு இரண்டு நாளாவது ஒரு மணிநேரம் ஓட்டுவது. மழைக்காலத்தில் கேம் அடிப்பது பராமரிப்பு வேலை என்று அம்மாவிடம் சொல்லிப் பார்த்தேன், எடுபடவில்லை. பதுளைப் பக்கத்தவர்களுக்கு இந்தக் கணக்கு கார்த்திகை மார்கழிக்கு மாறும்.

நான் நினைத்தே பார்க்காதது அடுப்புப் புகை. எங்கள் லயத்துக் காம்பராவில் குசினிக்கும் நான் உட்காரும் இடத்துக்கும் நடுவே ஒரு அரைச்சுவர்தான். இரண்டாவது வருஷம் ஃபேனைக் கழற்றினால், தூசி சாம்பல் நிறத்தில் இல்லை, கரியும் எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்து கறுப்புத் தோல் மாதிரி படிந்திருந்தது. தூரிகையும் ஸ்பிரிட்டும் வைத்து ஒரு போயா நாள் முழுக்க உட்கார்ந்து கழுவி, சிப்பின் சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் புதிதாகப் பூசினேன். விறகு அடுப்பு உள்ள வீடென்றால் வருஷத்துக்கு ஒருமுறை இதைச் செய்தே ஆக வேண்டும். அடி திறக்க லேசான மெசின் எடுங்கள் என்று நான் அடித்துச் சொல்வது இதனால்தான்.

அடுத்தது பெட்டரி. வாங்கியபோது தினம் 2 மணி 20 நிமிடம் கரண்ட் கட் இருந்தது, பழைய பெட்டரியோ இருபது நிமிடம்கூட நிற்காது. விளம்பரம் பார்த்து 6,500 ரூபாவுக்கு ஒரு கொப்பி பெட்டரி எடுத்தேன். கச்சிதமாகப் பொருந்தியது, ஆனால் மெசின் சார்ஜ் ஏற்ற மறுத்துவிட்டது. சில மாடல்களில், மெசின் ஒன் ஆகும்போது முதலில் ஓடும் பயோஸ் என்ற மென்பொருள் பெட்டரியின் பூர்வீகம் விசாரிக்கும் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. விற்றவர் போனைத் தூக்கவில்லை. இரண்டாவது பெட்டரியைக் கடையிலேயே என் மெசினில் மாட்டி, ஒரு மணிநேரம் சார்ஜ் ஏறுவதைப் பார்த்த பிறகுதான் காசு கொடுத்தேன். இன்றும் கேம் அடித்தால் ஒரு மணி பத்து நிமிடம் வருகிறது. ஐஜிஐ அடித்தவர்களுக்கு இதன் அருமை புரியும், அதில் மிஷன் நடுவே சேவ் கிடையாது. 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, பாணந்துறையில் ஒரு குரங்கு பாய்ந்ததால் என்று அமைச்சர் சொன்னாரே, நாடே இருண்ட அந்த முற்பகல், தம்பி ஒரு மிஷனின் கடைசிக் கட்டத்தில் இருந்தான். லயம் முழுக்க ரேடியோ, டிவி எல்லாம் அடங்கிப்போக, எங்கள் காம்பராவில் மட்டும் துப்பாக்கிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

சார்ஜர் ஒன்று ஏற்கெனவே போய்விட்டது. சதுரப் பின் சார்ஜரைப் பழைய உருண்டை ஓட்டை பிளக்கில் மாட்ட மலிவு மல்டிபிளக் பாவித்தேன், ஆடி ஆடிப் பொறி தட்டிக் கருகியது. சொக்கட்டையே மாற்றிவிட்டேன். சித்திரையிலும் ஐப்பசியிலும் பின்னேரம் இடி முழங்கத் தொடங்கினால் வயரைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட வேண்டும், இது சொல்லித்தர வேண்டியதில்லை.

விண்டோஸ் 10க்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட் 2025 ஒக்டோபர் 14உடன் நின்றது. விண்டோஸ் 11 எட்டாம் தலைமுறைக்குக் கீழே உள்ள இன்டெல் சிப்பை முறைப்படி ஏற்காது. நான் அதே டிஸ்க்கில், விண்டோஸுக்குப் பதிலாக ஓடும் லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளம் ஒன்றும் போட்டு, நெட் வேலைக்கு அதைப் பாவிக்கிறேன். விண்டோஸ் பக்கம் வைஃபை ஓஃப், கேம் மட்டும்.

போன மாதம் மேல் லயத்துப் பையன் வந்து, "அண்ணே, 25,000க்குத் தாறீங்களா?" என்றான். திரை மூட்டத்தைக் காட்டினேன், பரவாயில்லை என்றான். தருவதற்கு எனக்கு மனமில்லை. தம்பிக்குத்தான் இது இப்போது போதவில்லை. ஜிடிஏ 5 வேண்டுமாம். இதில் அது நடக்காது என்று சொல்லிவிட்டேன். அம்மாவிடம் போய் அடுத்த சீட்டு எப்போது தொடங்குகிறது என்று கேட்டுக்கொண்டிருக்கிறான்.