குளிர்காலம் முழுக்க நின்ற ரைடிங் மோவர்: கார்புரேட்டரைக் கழுவலாமா, மாற்றலாமா, கடையில் விடலாமா?

ஒஹாயோவில் ஏப்ரல் நடுவில் இரண்டு நாள் மழை பெய்து ஒரு நாள் வெயில் அடித்தால் போதும், புல் கணுக்காலைத் தொட்டுவிடும். நவம்பரில் ஷெட்டுக்குள் தள்ளிய ரைடிங் மோவரை (உட்கார்ந்து ஓட்டும் புல்வெட்டி வண்டி) அன்றைக்குத்தான் வெளியே எடுப்போம். சாவியைத் திருப்பினால் செல்ஃப் சுற்றும், இன்ஜின் மட்டும் பிடிக்காது. உடனே ஆளுக்கு ஒரு யோசனை சொல்வார்கள். என் வண்டியையும் தெருவில் இரண்டு மூன்று பேருடைய வண்டிகளையும் சில வருடங்களாகக் கிண்டிப் பார்த்த அனுபவத்தில் இந்த யோசனைகளை அலசுகிறேன். எல்லாமே ஒற்றை சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின்கள்.

செலவு செய்யும் முன் இரண்டு காரியங்கள் உண்டு. முதலில் ஆயில் டிப்ஸ்டிக்கை உருவி மோந்து பாருங்கள். பெட்ரோல் வாடை அடித்து ஆயில் அளவும் ஏறியிருந்தால், கார்புரேட்டரில் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்குத் தரும் பாகம்) பெட்ரோல் வரத்தை நிறுத்தும் ஊசி மூடாமல், பெட்ரோல் இன்ஜின் அடியில் ஆயில் இருக்கும் கிராங்க் கேஸுக்குள் இறங்கியிருக்கிறது. ஊசியைச் சரிசெய்து ஆயிலை மாற்றும்வரை ஸ்டார்ட் செய்யவே கூடாது.

ஆயில் சரியாக இருந்தால் அடுத்தது ஸ்பூன் சோதனை. ஏர் ஃபில்டரைக் கழற்றி, கார்புரேட்டர் வாயில் ஒரு டீஸ்பூன் புதுப் பெட்ரோலை விட்டு, ஃபில்டரைத் திரும்ப மாட்டிவிட்டுச் சாவியைத் திருப்புங்கள். படபடவென்று இரண்டு மூன்று விநாடி ஓடி அணைந்தால் ஸ்பார்க் இருக்கிறது, கம்ப்ரஷனும் இருக்கிறது, பெட்ரோல்தான் வரவில்லை என்று அர்த்தம். ஒரு சத்தமும் இல்லையென்றால் கார்புரேட்டரை விட்டுவிட்டு ஸ்பார்க் பிளக்கைப் பாருங்கள், சீட் ஸ்விட்ச் (ஆள் உட்கார்ந்திருப்பதை உணரும் ஸ்விட்ச்) ஒயரை எலி கடித்திருக்கிறதா என்றும் பாருங்கள். இதற்கு ஈதர் ஸ்டார்ட்டிங் ஸ்பிரே அடிக்கிறவர்கள் உண்டு. அது சிலிண்டர் சுவரில் இருக்கிற ஆயிலைக் கழுவிவிடும், எரியும் வேகமும் அதிகம். சின்ன இன்ஜினுக்கு ஸ்பூன் பெட்ரோலே போதும்.

பெட்ரோல் வரவில்லை என்றால் ஏன் வரவில்லை? அமெரிக்க பெட்ரோல் பங்க்குகளில் கிடைக்கும் சாதாரண பெட்ரோலில் 10 சதவீதம் வரை எத்தனால் கலந்திருக்கும். எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். அப்புறம் பெட்ரோலில் எளிதாக ஆவியாகும் பகுதி போய்விட, மிச்சம் பிசினாகத் தங்கும். 30 நாளிலேயே பெட்ரோல் பழசாகத் தொடங்கும் என்று இன்ஜின் தயாரிக்கும் பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டன் நிறுவனமே சொல்கிறது. நாம் ஐந்து மாதம் விட்டுவைக்கிறோம். டேங்கில் பழையதோடு புதியதைக் கலந்து ஓட்டிவிடலாமா என்று கேட்பார்கள். கொஞ்சத்தை ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடித்து வையுங்கள். அடியில் தனி அடுக்காக நீர் தேங்கினாலோ, வார்னிஷ் வாடை வந்தாலோ கலக்கவே வேண்டாம். முழுதையும் வடித்து, அபாயக் கழிவு எடுக்கும் இடத்தில் கொடுத்துவிடுங்கள்.

சரி, கார்புரேட்டருக்கு வருவோம். என் நண்பர் ஒருவர் போன வருடம் போனில் சொன்னது இதுதான்: “அண்ணே, அதைப் போய் ஏன் நோண்டுறீங்க? ஆன்லைன்ல முப்பது டாலருக்குப் புதுசே வருது, மாத்திட்டுப் போங்க.” அவர் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் நான் முதலில் கழுவத்தான் சொல்வேன்.

கார்புரேட்டரை முழுதாகக் கழற்றாமலே பாதி வேலை முடிந்துவிடும். அடியில் கிண்ணம் மாதிரி இருப்பது பௌல். பல ரைடிங் மோவர்களில் அந்த பௌலைப் பிடித்திருக்கும் போல்ட்டே ஒரு சோலனாய்டுதான், அதாவது மின்சாரம் வந்தால் ஊசியை உள்ளே இழுக்கும் வால்வ். சாவியை ஆன் நிலைக்குத் திருப்பி அதன் மேல் விரல் வைத்தால் ‘டிக்’ என்று அடிக்க வேண்டும். அடிக்கவில்லையென்றால் அதன் ஊசி ஜெட்டை (பெட்ரோல் ஏறும் நுண்ணிய துளையுள்ள துண்டு) மூடிக்கொண்டே இருக்கும், நீங்கள் எத்தனை தடவை கழுவினாலும் பெட்ரோல் ஏறாது. சோலனாய்டு தனியாகவே கிடைக்கும்.

‘டிக்’ அடித்தால், பெட்ரோல் குழாயைக் கிளிப் போட்டு அடைத்துவிட்டு, திறந்த வெளியில், இன்ஜின் ஆறியபின் பௌலை இறக்குங்கள். நான் முதல் தடவை இறக்கியபோது உள்ளே தேன் நிறத்தில் ஒரு படலமும் அடியில் பச்சைத் துரும்பும் கிடந்தன. பித்தளை ஜெட்டைக் கழற்றி வெளிச்சத்துக்கு நேரே பிடித்தேன். நடுவில் குண்டூசி முனை அளவுக்கு ஒளி தெரிய வேண்டும், அங்கே ஒன்றுமே தெரியவில்லை. கார்ப் கிளீனர் அடித்து ஊறவிட்டு, பழைய ஸ்பீக்கர் ஒயரைப் பிரித்து ஒரே ஒரு செம்பு இழையை விட்டு மெல்லச் சுழற்றினேன். ஒளி வந்தது. இரும்புக் கம்பியோ டிரில் பிட்டோ விடவே கூடாது, துளை கொஞ்சம் பெரிதானாலும் பெட்ரோல் அளவு கெட்டுவிடும். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், கிளீனர் எதிர்த்துளை வழியாக நேரே முகத்துக்கு வரும். ரப்பர் ஓ-ரிங்கில் அது படாமலும் பார்த்துக்கொள்ளுங்கள். மாட்டியபின் இன்ஜின் ஓடினாலும் சத்தம் ஏறி ஏறி இறங்கினால் பைலட் ஜெட் (மெதுவாக ஓடும்போது பெட்ரோல் தரும் சின்ன ஜெட்) இன்னும் அடைத்திருக்கிறது. அப்போதுதான் முழுதாகக் கழற்ற வேண்டியிருக்கும்.

மொத்தச் செலவு ஒரு கிளீனர் டப்பாவும் ஒரு கேஸ்கெட்டும். எனக்கு ஒரு சனிக்கிழமை மதியம் பிடித்தது.

மலிவு கார்புரேட்டர் எங்கே ஜெயிக்கும்? பௌலுக்குள் வெள்ளைப் பொடி பூத்து உலோகமே குழி விழுந்திருந்தால் கழுவிப் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும். அப்போதும் மாடல் எண்ணை இன்ஜின் மூடியில் குத்தியிருப்பதைப் பார்த்து எழுதி வாங்குங்கள், வண்டி பானட்டில் இருக்கும் எண் வேறு. நண்பர் வாங்கிய முப்பது டாலர் கார்புரேட்டரில் சோக் லிவர் துளை ஒரு நூல் தள்ளி இருந்ததால், கம்பியை வளைத்து மாட்டினார். ஓடுகிறது, ஆனால் குளிர்ந்த காலையில் அரை சோக்கில்தான் ஓடுகிறது. ஒரிஜினல் பார்ட் பல மடங்கு விலை. வண்டியை இன்னும் ஏழெட்டு வருடம் வைத்திருக்கப் போகிறீர்கள் என்றால் அந்த விலையைக் கொடுக்கலாம். இரண்டு வருடத்தில் விற்பதாக இருந்தால் மலிவானதே போதும்.

கடையில் விடுவது வேலை சுலபம், காத்திருப்பதுதான் கஷ்டம். ஏப்ரலில் எல்லோரும் அங்கேதான் நிற்பார்கள், அதற்குள் புல் முழங்காலுக்கு வந்துவிடும். வண்டியை ஏற்ற டிரெய்லர் இல்லையென்றால் பிக்கப் கட்டணம் தனி. அடைத்த ஜெட்டுக்காக அங்கே போவது எனக்குச் சரியாகப் படவில்லை. ஆனால் ஒரு பிரச்சினைக்குக் கடை நல்லது: செல்ஃப் அரைச்சுற்று சுற்றி, முட்டிக்கொண்டு நின்று, மறுபடி சுற்றினால் பலரும் புது பேட்டரி வாங்குகிறார்கள். பெரும்பாலும் வால்வ் இடைவெளி அதிகமாகி, ஸ்டார்ட்டின்போது கம்ப்ரஷனைக் குறைத்துத் தரும் ஏற்பாடு வேலை செய்யாமல் போயிருக்கும். ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) பிடித்துப் பழகியவர்கள் தாங்களே அட்ஜஸ்ட் செய்யலாம், மற்றவர்கள் கடைக்கே கொடுங்கள்.

அதனால் பேட்டரியை மீட்டரில் பார்த்துவிட்டே முடிவு செய்யுங்கள். 12.6 வோல்ட் இருந்தால் நிறைந்திருக்கிறது. குறைந்திருந்தால் 2 ஆம்ப் சார்ஜரில் இரவு முழுக்கப் போடுவது நல்லது. அவசரத்துக்குக் காரிலிருந்து ஜம்ப் கொடுப்பதாக இருந்தால் கார் இன்ஜினை அணைத்துவிட்டுக் கொடுங்கள்.

அடுத்த குளிர்காலத்துக்கு வண்டியை எப்படி நிறுத்துவது என்பதிலும் இரண்டு கட்சி உண்டு. டேங்கை வடித்துவிடு என்பது ஒன்று, ஸ்டெபிலைசர் (பெட்ரோல் சீக்கிரம் கெடாமல் காக்கும் திரவம்) கலந்து நிறைத்து வை என்பது மற்றொன்று. வடித்தாலும் பௌலில் ஒரு ஸ்பூன் பெட்ரோல் தங்கும், அந்த ஒரு ஸ்பூன்தான் பிசினாகும். நான் இரண்டையும் சேர்த்துச் செய்கிறேன். கடைசியாகப் புல் வெட்டும் நாளில் எத்தனால் இல்லாத பெட்ரோலை நிறைத்து, டப்பாவில் சொன்ன அளவு ஸ்டெபிலைசர் கலந்து (ஸ்டா-பில் என்றால் இரண்டரை கேலனுக்கு ஓர் அவுன்ஸ்), பத்து நிமிடம் ஓட்டுகிறேன். கலந்த பெட்ரோல் ஜெட்வரை போனபின், டேங்கிலிருந்து வரும் குழாயை மூடி, இன்ஜின் தானாக அணையும்வரை விடுகிறேன். அப்புறம் பௌலின் அடிப் போல்ட்டைத் தளர்த்தி அந்த மிச்ச ஸ்பூனையும் ஒரு துணியில் வாங்கிவிட்டு, பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் எடுத்து வந்துவிடுகிறேன்.