4294967297ஐ வைத்துச் சோதித்த கால்குலேட்டர்

புதுச்சேரி நேரு வீதியிலுள்ள ஓர் எழுதுபொருள் கடையில் சென்ற மாதம் அறிவியல் கால்குலேட்டர் ஒன்று வாங்கினேன். "பையனுக்கா சார்?" என்று கேட்டபடியே கடைக்காரர் எடுத்து வைத்த பெட்டியைப் பிரித்து, அங்கேயே 4294967297 என்று அழுத்தினேன். எந்தக் கால்குலேட்டரையும் இந்த எண்ணைக் கொண்டு சோதிப்பதே என் வழக்கம். பத்து இலக்கங்களும் திரையில் முழுமையாக நின்றன.

இரண்டின் 32ஆம் அடுக்கோடு ஒன்றைக் கூட்டினால் இந்த எண் கிடைக்கும். 32க்குப் பதிலாக 1, 2, 4, 8, 16 என்று அடுக்குகளை வைத்தால் வரும் 3, 5, 17, 257, 65537 ஆகிய ஐந்தும் பகா எண்களாக இருப்பதைக் கண்ட பிரெஞ்சுக் கணிதவியலாளர் ஃபெர்மா, இதுவும் பகா எண்ணாகவே இருக்கும் என்று 1640இல் கருதினார். 641 இதை மீதியின்றி வகுக்கும் என்று 1732இல் கணிதவியலாளர் ஆய்லர் காட்டினார். தெருப் பலகைகளில் பிரெஞ்சு இன்னும் மிஞ்சியிருக்கும் ஊரில் ஃபெர்மாவின் எண்ணைச் சோதிக்க நேர்ந்தது தற்செயல்தான்.

ஷிஃப்டையும், எண்ணைப் பகாக்காரணிகளாகப் பிரிக்கும் ஃபேக்ட் பட்டனையும் அழுத்தியதும் திரையில் 641 × (6700417) என்று வந்தது. இந்த அடைப்புக்குறிதான் கருவியின் நேர்மை. மூன்று இலக்கப் பகா எண்கள் வரை மட்டுமே அது வகுத்துப் பார்க்கிறது. எஞ்சிய எண், அடுத்த பகா எண்ணான 1009இன் வர்க்கமான 1018081ஐ எட்டிவிட்டால், அது பகா எண்ணா இல்லையா என்று தீர்ப்புச் சொல்லாமல் அடைப்புக்குள் வைத்துவிடுகிறது. இரண்டு குறைத்து 4294967295 கொடுத்தபோது, 3 × 5 × 17 × 257 × 65537 என்று அடைப்பின்றியே காட்டியது.

மீதி வேலையைக் கடலூர்ப் பேருந்தில் தவளக்குப்பம் வருவதற்குள் நானே முடித்தேன். 6700417ஐப் பகு எண்ணாக்கும் காரணி இருந்தால், அவற்றில் ஒன்றாவது 2588ஐத் தாண்டாது. 4294967297இன் பகாக்காரணி எதையும் 128ஆல் வகுத்தால் 1 மிஞ்ச வேண்டும் என்பது 1878இல் கணிதவியலாளர் லூக்கா தந்த விதி. அதன்படி 257, 641, 769, 1153, 1409 ஆகிய ஐந்தை மட்டும் பார்த்தால் போதும். முதல் மூன்றைக் கருவியே பார்த்துவிட்டது. 1153ஆல் வகுத்தால் 334, 1409ஆல் வகுத்தால் 622 மிஞ்சுகின்றன. ஆகவே 6700417 பகா எண்ணே.

வர்க்கப் பட்டனும் ஏமாற்றவில்லை. 65536இன் வர்க்கத்தோடு ஒன்றைக் கூட்டினாலும், 62264, 20449 ஆகியவற்றின் வர்க்கங்களைக் கூட்டினாலும் அதே 4294967297 கடைசி இலக்கம் பிசகாமல் வருகிறது. பகா எண்ணை இப்படி இரண்டு வர்க்கங்களின் கூட்டலாக இரு வழிகளில் எழுத முடியாது என்பதால், 641ஐத் தேடாமலே இது பகு எண் என்று சொல்லிவிடலாம்.

குறைகளும் உண்டு. சமக்குறிப் பட்டன் சற்றுக் கடினமாக இருக்கிறது. அடைப்புக்குறியின் பொருளைக் கையேட்டில் பொடி எழுத்தில், அதுவும் ஆங்கிலத்தில், ஒளித்து வைத்திருக்கிறார்கள். வகுப்பில் இதைப் பயன்படுத்தும் ஆசிரியர்கள் முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இரண்டின் 64ஆம் அடுக்கோடு ஒன்றைக் கூட்டினால் வரும் இருபது இலக்க எண்ணை 1880இல் கணிதவியலாளர் லாண்ட்ரி 274177 × 67280421310721 என்று பிரித்தார். இந்தக் கருவியோ அதை முழுதாகக் காட்டவும் இயலாமல் 1.844674407 × 10¹⁹ என்று சுருக்கிவிடுகிறது.