ரூமர்ஸ்: தேயத் தேயக் கேட்ட ஆல்பம்

ஃப்ளீட்வுட் மேக் என்ற ராக் இசைக்குழுவின் 'ரூமர்ஸ்' ஆல்பம் 1991இல் என் கைக்கு வந்தது, ரெக்கார்டிங் சென்டரில் பதிந்து வாங்கிய அறுபது நிமிடக் கேசட்டாக. எல்பி இசைத்தட்டின் ஒரு பக்கம் இருபது நிமிடத்துக்குள் முடிந்துவிடும். கேசட்டிலோ பக்கத்துக்கு முப்பது. மிச்ச இடம் வீணாகக் கூடாதென்று கடைக்காரர் தாமாகவே இரண்டு இளையராஜா பாட்டுகளைச் சேர்த்துவிட்டிருந்தார். முதல் பக்கத்தின் கடைசிப் பாட்டான 'சாங்பேர்ட்' முடிந்ததும் இன்றைக்கும் என் காது தபேலாவைத் தேடும்.

ஏழெட்டு வருடம் ஓட்டியதில் கேசட் தேய்ந்தது. முதலில் போனது டிரம்ஸில் ஹை-ஹாட் என்கிற ஜோடித் தட்டின் 'ச்சிக்'. அப்புறம் ஸ்னேர் டிரம் போர்வைக்குள்ளிருந்து கேட்பது போலாகிவிட்டது. ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் பிளேயரின் ஹெட்டைத் துடைத்துப் பார்த்தேன், பலனில்லை. நாடாவின் மேலுள்ள காந்தப் பூச்சு உரசி உரசித் தேயும்போது முதலில் காலியாவது கூர்மையான ஒலிகள்தான்.

பிற்பாடு இந்த ஆல்பம் உருவான கதையைப் படித்தபோது சிரிப்பு வந்தது. என் கேசட்டுக்கு நேர்ந்தது அவர்களுடைய மூலப் பதிவான மாஸ்டர் டேப்புக்கே நேர்ந்திருக்கிறது! 1976 தொடக்கத்தில் கலிஃபோர்னியாவின் சாசலிட்டோவில், ரெக்கார்ட் பிளான்ட் ஸ்டூடியோவில் பதிவு ஆரம்பித்தது. டிரம்ஸ் முதலானவற்றைப் பதிந்த பிறகு கிதாரையும் குரல்களையும் அடுக்கடுக்காகச் சேர்க்க, அதே டேப்பை மாதக்கணக்கில் முன்னும் பின்னும் ஓட்டினார்கள். டிரம்ஸ் மங்கிப்போயிற்று. நல்லவேளை, குழுவோடு சேர்ந்து ஆல்பத்தைத் தயாரித்த கென் கைலாட், ரிச்சர்ட் டாஷட் தரப்பில் முதல் பதிவின்போதே இரண்டு மெஷின்களை ஒருசேர ஓட்டி, ஒரு பிரதியைத் தொடாமல் வைத்திருந்தார்கள். ஆனால் இரண்டு டேப்பையும் தானாக ஒன்றுபோல ஓடவைக்க வழியில்லை. ஒரு டெக்னீஷியன் ஹெட்போனை மாட்டிக்கொண்டார். ஒரு காதில் தேய்ந்த டேப்பின் டிரம்ஸ், இன்னொரு காதில் தேயாத டேப்பின் டிரம்ஸ். ஒரு மெஷினின் வேகத்தைக் கையால் கூட்டியும் குறைத்தும், இரண்டு அடியும் தலைக்குள் ஒரே அடியாகக் கேட்கும்படி பாட்டுப் பாட்டாக ஒட்டினார்கள். இவ்வளவு பளிச்சென்று ஒலிக்கிற ஆல்பத்துக்குள் இப்படி ஒரு ஒட்டுவேலை இருக்கிறது.

இந்த ஆல்பம் என்றாலே எல்லாரும் பேசுவது காதல் முறிவுகளைத்தான். தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: குழுவின் பேஸ் கிதார்காரர் ஜான் மெக்வீயும், கீபோர்டு வாசித்துப் பாடிய அவர் மனைவி கிறிஸ்டின் மெக்வீயும் மணவிலக்கின் நடுவில் இருந்தார்கள். கிதார்காரர் லிண்ட்சி பக்கிங்ஹாமும் பாடகி ஸ்டீவி நிக்ஸும் பிரிந்துகொண்டிருந்தார்கள். டிரம்மர் மிக் ஃப்ளீட்வுட்டின் வீட்டிலும் நிம்மதியில்லை. நிக்ஸைக் குத்திக்காட்டி பக்கிங்ஹாம் எழுதிய 'கோ யுவர் ஓன் வே'யில் நிக்ஸே பின்குரல் பாடியிருக்கிறார். அதைக் கேட்கும்போது இப்போதும் எனக்குக் கொஞ்சம் சங்கடமாக இருக்கும்.

ஆனால் முப்பது வருடம் கேட்டபின் எனக்கு அலுக்காதது அந்த வம்பு இல்லை, கைவேலைதான். 'செகண்ட் ஹேண்ட் நியூஸ்' பாட்டில் தடதடவென்று ஓடும் தாளத்தைக் கவனியுங்கள். பக்கிங்ஹாம் நாற்காலியின் ரெக்ஸின் மெத்தையைத் தட்டியது அது. நிக்ஸ் ஸ்டூடியோவின் ஒரு தனியறையில் உட்கார்ந்து பத்து நிமிடத்தில் எழுதியது 'ட்ரீம்ஸ்'. கிட்டத்தட்ட முழுப் பாட்டுக்கும் இரண்டே கார்டுகள்தான் (chords, ஒருசேர ஒலிக்கும் ஸ்வரக் கூட்டுகள்). கிறிஸ்டினுக்கு முதலில் அது சப்பென்றுதான் இருந்ததாம். ஒரே கார்டுகளை வைத்துக்கொண்டு மூன்று பகுதிகளை மூன்று விதமாக ஒலிக்கவைத்தார் பக்கிங்ஹாம். அந்தப் பாட்டுதான் அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது.

'த செயின்' இன்னும் விசித்திரம். கிறிஸ்டினின் ஒரு பாட்டு சரியாக வரவில்லை. அதன் முடிவுப் பகுதியை மட்டும் வைத்துக்கொண்டு, முன்னால் வேறு துண்டுகளை வெட்டி ஒட்டி, நிக்ஸின் வரிகளையும் சேர்த்தார்கள். ஐந்து பேரும் எழுதியதாகப் பெயர் போட்ட ஒரே பாட்டு ஆல்பத்தில் அதுதான். நடுவில் எல்லாம் அடங்கி ஜான் மெக்வீயின் பேஸ் கிதார் தனியாக நடந்து வருமே, அதைப் போன் ஸ்பீக்கரில் கேட்பவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது. சுமாரான ஸ்பீக்கராவது வேண்டும்.

'சாங்பேர்ட்' மட்டும் ஸ்டூடியோவில் பதிந்ததல்ல. பெர்க்லியின் ஸெல்லர்பாக் அரங்கத்தை இரவில் ஆளில்லாமல் எடுத்துக்கொண்டு, பியானோ முன் கிறிஸ்டினை உட்காரவைத்துப் பதிந்தார்கள். நல்ல ஹெட்போனில் அந்த அரங்கத்தின் வெறுமையே கேட்கும். அவர் 2022 நவம்பரில் இறந்த செய்தி வந்த அன்று இரவு இந்த ஒரு பாட்டைத்தான் திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டிருந்தேன்.

குறை இல்லாமல் இல்லை. 'ஓ டாடி' எனக்கு இழுவை. கேசட் காலத்தில் குத்துமதிப்பாக ஃபார்வர்டு பண்ணி அதைத் தாண்டுவதில் தேர்ச்சி பெற்றிருந்தேன்.

வரவேற்பைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 1977 பிப்ரவரியில் வெளியாகி அமெரிக்காவின் பில்போர்டு ஆல்பம் தரவரிசையில் மொத்தம் 31 வாரம் முதலிடம், மறுவருடம் கிராமியில் ஆண்டின் சிறந்த ஆல்பம், உலகம் முழுக்க 4 கோடிக்கு மேல் விற்பனை. 2020இல் ஒருவர் ஸ்கேட்போர்டில் போய்க்கொண்டே ஜூஸ் குடிக்கும் டிக்டாக் வீடியோவில் 'ட்ரீம்ஸ்' ஒலிக்க, ஆல்பம் மறுபடி பில்போர்டின் முதல் பத்துக்குள் வந்தது. என் மகள் அப்போதுதான் 'இந்தப் பாட்டு தெரியுமா அப்பா?' என்று கேட்டாள்.

பெரிய குறை 'சில்வர் ஸ்ப்ரிங்ஸ்' விஷயம். நிக்ஸின் ஆகச் சிறந்த பாட்டுகளில் ஒன்று. எல்பியில் ஒரு பக்கம் நீண்டால் வரிப்பள்ளங்களை நெருக்கி வெட்ட வேண்டும், சத்தம் குறையும். நீளம் அதிகம் என்று அதைக் கழற்றிவிட்டு, பக்கத்துக்கு ஒரு பாட்டு வரும் சிங்கிள் இசைத்தட்டு ஒன்றின் பின்பக்கத்தில் போட்டார்கள். நிக்ஸுக்கு அந்தக் கோபம் பல வருடம் ஆறவில்லை.

2004 மறுவெளியீட்டு சிடியை வாங்கியபோதுதான் அதை ஆல்பத்தோடு சேர்த்துக் கேட்டேன். 'சாங்பேர்ட்' முடிந்த கையோடு வருகிறது. சரியாகத் தபேலா வரவேண்டிய இடம். இடமில்லை என்று தள்ளிவிட்ட பாட்டுக்கு, என் கேசட்டில் அதே இடத்தில் பத்து நிமிடம் காலியாக இருந்திருக்கிறது.