பழைய அம்பாசடருக்குப் பித்தளை ரேடியேட்டரா, அலுமினியமா?

சித்திரை வெயிலில் காரைக்குடியிலிருந்து கானாடுகாத்தான் வரை நிற்காமல் ஓடினாலும் என் அம்பாசடர் மார்க் 2 சூடாவதில்லை. கல்யாண ஊர்வலத்தில் மாப்பிள்ளையை ஏற்றிக்கொண்டு ஊர்ந்தால் போதும், கொதித்துவிடும். ஓடும்போது காற்று தானாக ரேடியேட்டருக்குள் புகுந்துவிடுகிறது. ஊரும்போது அதை ஃபேன்தான் இழுக்க வேண்டும். பெல்ட்டில் சுற்றும் ஃபேனோ என்ஜின் மெதுவானால் தானும் மெதுவாகிவிடும்.

ரேடியேட்டர் பட்டறையில் மேல் தொட்டியை ஈயப்பற்று இளக்கிக் கழற்றியதும் பாதிக் குழாய்களின் வாய் வெள்ளையாக அடைத்திருந்தது. வெந்நீர் அடுப்புப் பானையில் படிகிற அதே உப்பு. இத்தனை ஆண்டுகளாக போர் தண்ணீரை ஊற்றிவந்தவன் நான்தான்.

அலுமினியத்தைவிடச் செம்பு ஒன்றரை மடங்குக்கு மேல் வெப்பம் கடத்தும். ஆனாலும் பித்தளைக் குழாயையும் செம்புத் தகட்டையும் இணைக்கும் ஈயம் அந்த வெப்பத்துக்குக் கொஞ்சம் தடை போடுகிறது. அலுமினியத்தில் குழாய்கள் அகலம், எடையும் குறைவு. புதிதாக இருக்கும்போது நன்றாகவே குளிர்விக்கும். ஆனால் உப்புத் தண்ணீர் அதை அரித்துவிடும், ஓட்டை விழுந்தால் எல்லாப் பட்டறையிலும் பற்றவைக்க முடியாது. பித்தளையை நம் ஊரிலேயே ஒட்டிவிடலாம். என் ஓட்டு பழைய தொட்டிகளை வைத்துக்கொண்டு நடுவில் குழாயும் தகடும் சேர்ந்த கோரை மட்டும் நான்கு வரிசைக் குழாய் கொண்டதாக மாற்றுவதற்கே.

எலக்ட்ரிக் ஃபேன் ஆசை எனக்கும் உண்டு. ஆனால் அது 10 ஆம்பியருக்குமேல் கேட்கும். வண்டிக்கு மின்சாரம் தரும் பழைய டைனமோவின் உச்சமே 20 ஆம்பியரைச் சுற்றித்தான். என்ஜின் மெதுவாகச் சுற்றும்போது, அதாவது ஃபேன் தேவைப்படும் அதே நேரத்தில், டைனமோ அநேகமாக ஒன்றும் தராது, பேட்டரிதான் வடியும். டைனமோவை எடுத்துவிட்டு, மெதுவாகச் சுற்றும்போதும் மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டரைப் போடாமல் எலக்ட்ரிக் ஃபேனைத் தொடவே கூடாது. அதுவரை இருக்கிற ஃபேனைச் சுற்றித் தகட்டுக் கூண்டு ஒன்று கட்டினால், ஃபேன் இழுக்கும் காற்று முழுவதும் கோர் வழியாகவே வரும். செலவும் குறைவு, வண்டியின் தோற்றமும் கெடாது.

ரேடியேட்டருக்கு அழுத்தம் கூடிய மூடி போடச் சொல்வார்கள். ஒரு பவுண்டு அழுத்தத்துக்குக் கொதிநிலை சுமார் ஒன்றரை டிகிரி ஏறும் என்பது உண்மைதான். ஆனால் ரப்பர் குழாய்களும் பழைய ஒட்டுகளும் அதைத் தாங்க வேண்டுமே! என்ஜின் சூடாகும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் தெர்மோஸ்டாட்டைப் பிடுங்கி எறிவது அதைவிட மோசம். என்ஜின் உரிய சூட்டுக்கு வராமலே ஓடித் தேய்ந்துபோகும். 82 டிகிரியில் திறக்கும் புதியதைப் போடுங்கள்.

கோர் மாற்றும் முன் என்ஜின் பிளாக்கையும் அலசியாக வேண்டும். அடிப்பக்கக் குழாயைத் திறந்தபோது என் வண்டியில் துருச்சேறு கட்டியாக விழுந்தது. அப்படியே விட்டிருந்தால் அது நேராகப் புதுக் கோரில் போய் அடைத்திருக்கும். இனி போர் தண்ணீர் கிடையாது. மூன்றில் ஒரு பங்கு கூலண்ட், மீதி காய்ச்சி வடித்த நீர். வழியில் தேவைப்பட்டால், எங்கள் வீட்டு முற்றத்தில் அண்டா வைத்துப் பிடித்த மழைநீர் ஒரு கேன் டிக்கியில் இருக்கிறது.